கடைசிக் கம்பத்து மோட்டார்

"வேண்டாம்னு சொல்லு. அவ்வளவுதான். ஒத்தை வார்த்தை."

"நளா, நான் என்ன சொல்ல வந்தேன்னா –"

"யோசிக்கறேன்னு மட்டும் சொல்லாத. ஒரு வருஷமா யோசிச்சாச்சு, இன்னும் என்ன –"

"பேச விடறியா? யோசிக்கறேன்னு சொல்ல வரல. சட்னி உன்ற பக்கம் இருக்குது, இப்படித் தள்ளுன்னு சொல்ல வந்தேன்."

நளாயினி சட்னி டப்பாவைத் தள்ளினாள். கொஞ்சம் வேகமாகவே தள்ளினாள். டப்பா மோட்டாரின் இரும்புப் பாதத்தில் முட்டி நின்றது.

இருவரும் பம்ப் லேபில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூருக்கு வெளியே, அவிநாசி சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தே அவர்களுக்கு மதியச் சாப்பாடு இங்கேதான். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தால் அடுத்தவர் டப்பாவை எட்டிப் பார்க்கிறவர்கள் அதிகம் என்று சாந்தாமணி சொல்வாள். உண்மையில் எட்டிப் பார்க்கிறவள் நளாயினிதான்.

"மூணு மணிக்கு மகிழ்நன் வர்றான். நீ சரின்னு சொன்னா உன்ற நிழலைப் பூட்டிருவாங்க. அப்பறம் பத்து வருஷத்துக்கு ரோபஸ்ட் டிசைன்னா தமிழ்நாடு பூராவும் உன்ற குரல், உன்ற மூஞ்சி, உன்ற மாம்பழக் கலர் சேலை."

"சேலை மேல என்னடி கோபம்?"

"அது நான் எடுத்துக் குடுத்த சேலை."

சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. நளாயினிக்கு வரவில்லை.

ஒரு பாடத்துக்கு ஒரு நிழல் என்பது அரசின் திட்டம். ஆசிரியர் ஒருவரின் பழைய வகுப்புப் பதிவுகளை எல்லாம் நிழல் மையத்துக்காரர்கள் எடுத்துப்போவார்கள். அவர் பேசுகிற விதம், நிறுத்துகிற இடம், கரும்பலகையில் படம் போடுகிற வரிசை எல்லாவற்றையும் உறிஞ்சி, திரையில் நின்று பாடம் நடத்துகிற ஓர் உருவத்தைச் செய்வார்கள். கேள்வி கேட்டால் அது பதில் சொல்லும். ஊருக்கு ஊர் வெவ்வேறு ஆள் வேண்டியதில்லை. மற்ற ஆசிரியர்கள் எல்லாம் துணை ஆசிரியர் ஆனார்கள். திரையைப் போட வேண்டும், அணைக்க வேண்டும், நடுவில் பையன்கள் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதையும் தாங்கி நிற்கிற பொருளை வடிவமைக்கச் சொல்லித்தரும் ரோபஸ்ட் டிசைன் பாடத்துக்குச் சாந்தாமணியின் நிழல் ஒரு வருடமாக வெள்ளோட்டத்தில் இருந்தது. நளாயினியும் துணை ஆசிரியர். சாந்தாமணியும்தான்.

"நானும் உன்ன மாதிரி சுவிட்ச் போடறவதான்டி," என்றாள் சாந்தாமணி. "எனக்கென்ன கிரீடமா வெச்சிருக்காங்க?"

"நீ சுவிட்சைப் போட்டா நீயே வர்ற. நான் சுவிட்சைப் போட்டாலும் நீதான் வர்ற."

சாந்தாமணி மீதிச் சட்னியை வழித்துக்கொண்டாள்.

"அந்தக் கடைசிக் கம்பத்து உதாரணம் யாருது? அதையாச்சும் சொல்லு."

"உன்னுதுதான். நான் எங்க இல்லைன்னேன்?"

"நீ இல்லைன்னு சொல்ல மாட்ட. உன்ற நிழல் தன்னுதாச் சொல்லுது. என்னமோ அதுவே வயக்காட்டுல நின்னு கண்டுபுடிச்ச மாதிரி."

*

இரண்டு மணி வகுப்புக்கு நளாயினி திரையைப் போட்டாள். மாம்பழக் கலர் சேலையில் சாந்தாமணி வந்து நின்றாள். அசல் சாந்தாமணி இடது முழங்காலைத் தாங்கித் தாங்கி நடப்பாள். இது நேராக நின்றது.

"டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டுக்கு மோட்டார் செய்ய யாராலயும் முடியும்," என்றது நிழல். "நாம செய்யப்போறது கடைசிக் கம்பத்து வீட்டுக்கு. மத்த தோட்டத்துல எல்லாம் தண்ணி எடுக்க ஆரம்பிச்சா இங்க வோல்டேஜ் விழும். அப்பவும் காயில் எரியக் கூடாது. நம்ம கையில இருக்கறது ஒண்ணு, இல்லாதது ஒண்ணு. காயில் சுத்து, கம்பியோட கனம், இடைவெளி, கண்டன்சர், இதெல்லாம் கையில இருக்கறது. வோல்டேஜ் கையில இல்லை. அதுக்குப் பேரு இடைஞ்சல். இடைஞ்சலை ஒழிக்கப் பார்க்காதீங்க. கையில இருக்கறதை மாத்தி மாத்திப் பார்த்து, இடைஞ்சல் வந்து முட்டினாலும் அசையாத ஒரு சேர்க்கையைப் பிடிங்க."

அத்தனையும் நளாயினியின் வாக்கியங்கள். ‘இடைஞ்சல்’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். ஆனால் அவள் சொல்லும்போது பாதி வகுப்பு பயத்தில் இருக்கும். புரிந்தவன் புரிந்துகொண்டு பறப்பான், புரியாதவன் கழன்றுபோவான். இங்கே எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேலே மின்விசிறி ஓடவில்லை. கோடை தொடங்கியதிலிருந்தே ஓடவில்லை. புகார் எழுதிக்கொடுத்தால், "மார்க்கு குறையலையேங்க" என்று அலுவலகத்தில் சொல்லிவிடுவார்கள். போன வருடம் இந்தப் பாடத்தில் ஒருவரும் தோற்கவில்லை. ஒருவரும் ஆச்சரியப்படும்படி எழுதவும் இல்லை.

நடு வரிசையில் சங்கவி என்ற பெண் எழுந்தாள்.

"மேடம், எப்பவுமே அங்க வோல்டேஜ் வர்றதில்லைன்னா லைனைத்தான சரி பண்ணணும்? மோட்டாரை ஏன் மாத்தணும்?"

நளாயினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதே கேள்வியை அவள் கேட்டிருக்கிறாள், சாந்தாமணியிடம், பல வருடங்களுக்கு முன்னால், பார்வையாளராக உட்கார்ந்த கடைசி பெஞ்சிலிருந்து.

"நல்ல கேள்வி," என்றது நிழல், சாந்தாமணியின் அதே இதமான சிரிப்போடு. "அதைப் பின்னால பார்க்கலாம். இப்போதைக்கு லைன் நம்ம கையில இல்லைன்னு வெச்சுக்குவோம்."

சங்கவி உட்கார்ந்தாள். மணி அடித்ததும் மேசைக்கு வந்தாள்.

"பின்னாலன்னா எப்ப மேடம்?"

துணை ஆசிரியர் பாடம் பேசக் கூடாது என்பது விதி. ஆனால் விதிக்குப் பயந்தவள் அல்ல நளாயினி. பதில் தெரியாதவளும் அல்ல. அந்தப் பதிலை இந்தப் பெண்ணுக்குச் சொன்னால், சாந்தாமணியின் வகுப்பில் இருக்கிற ஓட்டையைத் தானே அடைத்ததாகிவிடும். அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது அவளுக்கு.

"அவங்களையே கேளும்மா," என்றாள்.

அந்தப் பெண் அணைந்திருந்த திரையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.

*

மகிழ்நன் மூன்று மணிக்கு லேபுக்கே வந்தான். நிழல் மையத்தில் இந்தப் பாடத்துக்குப் பொறுப்பாளன் அவன். படிக்கிற காலத்தில் இதே கல்லூரியில் அவனை ‘நளாயினி மேடம் பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது முன் நெற்றி ஏறிவிட்டது. இருவருக்கும் கும்பிடு போட்டான். நளாயினிக்கு முதலில் போட்டான். அதை அவள் கவனித்தாள்.

"உட்காருப்பா. என்னைக் கழிச்சு விட்டுட்டு எப்படித் தூக்கம் வருது உனக்கு?"

"மேடம், உங்களை யாருங்க கழிச்சா?"

"பின்ன? உன்ன ஆளாக்கினது நானா, இவளா?"

"நீங்கதாங்க. அதுல சந்தேகமே இல்லை. ஆனா அந்த செட்டுல உங்ககிட்ட ஆளானது நானும் இன்னொருத்தனும்தான். மத்ததுல பாதிப்பேர் அரியர். சராசரியைப் பார்த்து எதையும் எடுக்காத, எவ்வளவு ஆடுதுன்னு பாருன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

"என்ற கத்தியிலயே என்ற கழுத்தா?"

"அதோட முடிஞ்சிருந்தா நான் போன்லயே சொல்லியிருப்பேன்." அவன் சாந்தாமணியைப் பார்த்தான். "மேடம் சரி சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு பேருமே தெரிஞ்சுக்கணும். அதனாலதான் நேர்ல வந்தேன். பார்வை வகுப்பு ஞாபகம் இருக்குங்களா?"

யாருக்குத்தான் மறக்கும். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு நாள், ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கேமராவும் ஓடும். நாளைக்கு நம் வகுப்புக்கு அவர் வருவார் என்கிற பயத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, நன்று என்று சொல்லி, போண்டா சாப்பிட்டுப் போவார்கள். நளாயினி மட்டும் அப்படியில்லை. ஒவ்வொரு தடவையும் சாந்தாமணியின் வகுப்பைத்தான் கேட்டு வாங்குவாள். பேனாவால் பெஞ்சைத் தட்டுவாள். நடுவில் எழுந்து கேள்வி கேட்பாள்.

"மத்தவங்க பதிவுல எல்லாம் பசங்க கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்காங்க," என்றான் மகிழ்நன். "பின்னால ஒரு புரொபசர் தூங்கறாரு. இடைஞ்சலே இல்லாத வகுப்பை வெச்சு இவங்க தாங்குவாங்களா மாட்டாங்களான்னு எப்படிங்க சொல்றது? கேரண்டி குடுக்க முடியாது. சாந்தாமணி மேடம் பதிவுல மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் இடைஞ்சல் இருந்துச்சு. ஒரு தடவைகூட அவங்க அசையல."

"என்ன இடைஞ்சல்?" என்றாள் நளாயினி.

மகிழ்நன் மாணவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்கதாங்க மேடம்."

லேபின் மூலையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப இவளைத் தேர்ந்தெடுத்தது நீங்க இல்ல," என்றாள் நளாயினி மெதுவாக. "நான்."

"ஒரு வகையில ஆமாங்க. அது மட்டும் இல்லை. ஒரு பதிவு பத்தாது. நிழலை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்க்கணும், ஒவ்வொரு தடவையும் இடைஞ்சல் வேணும். பசி, வெக்கை, தூக்கம் இதெல்லாம் போட்டோம். எல்லாத்தையும் விடப் பெரிய இடைஞ்சல் எதுன்னு பார்த்தா..." அவன் நிறுத்தினான். "உங்களுக்கும் ஒரு நிழல் செஞ்சோம் மேடம். அது இப்பவும் ஓடிட்டிருக்கு."

"காட்டு."

"மேடம் –"

"காட்டுடா."

அவன் லேபின் திரையை எழுப்பினான். பொய்யான ஒரு வகுப்பறை. முன்னால் மாம்பழக் கலர் சேலை. கடைசி பெஞ்சில் நளாயினி.

கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, காதோரம் முடி பிரிந்து, பேனாவால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முறை இருமினாள். "மக்கு சாந்தா, புரிஞ்சவனுக்கும் புரியாதவனுக்கும் ஒரே டோக்கனா," என்று தனக்குள் முனகினாள். பிறகு எழுந்தாள்.

"தாங்கற மோட்டார் செஞ்சுட்ட. சரி. லைனை யார் சரி பண்ணுவா?"

"நல்ல கேள்வி," என்றது மாம்பழக் கலர் சேலை. "அதைப் பின்னால பார்க்கலாம்."

காட்சி கலைந்து மறுபடி தொடங்கியது. இந்த முறை நளாயினியின் நிழல் கோபமாகக் கேட்டது. அடுத்த முறை சிரித்துக்கொண்டே. அடுத்த முறை கேட்காமல் எழுந்து வெளியே போய், கதவை அறைந்தது. ஒவ்வொரு முறையும் அந்த இதமான சிரிப்பு, பின்னால பார்க்கலாம்.

நளாயினி திரைக்கு அருகே போய் நின்றாள். அவமானமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வந்தது வேறு. அந்தப் பெண்மணி எத்தனை கூர்மையாக இருக்கிறாள், எவ்வளவு உயிரோடு.

பின்னாலிருந்து சாந்தாமணியின் குரல் வந்தது. "இருமல்கூட இருக்குது."

இருவரும் திரும்பினார்கள். சாந்தாமணியின் முகத்தில் அப்படி ஒரு கசப்பை நளாயினி இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்த்திருக்கிறாள், தன் முகத்தில்.

"ஏம்ப்பா, அவ இருமலை விட்டு வெச்சிருக்கீங்க. என்னுது எங்க?"

"மேடம், இடைஞ்சல் நிஜமா இருக்கணுங்க. எதையும் வெட்டக் கூடாது. உங்களுது பாடம் நடத்தறது, அதனால..."

"அதனால என்னுதைச் சலிச்சு எடுத்துட்டீங்க. இவங்க அப்பா தவறின வருஷம்..." என்று தொடங்கி நிறுத்தினாள். வீட்டுக்காரரைப் பிள்ளைகளை வைத்து ‘இவங்க அப்பா’ என்றே சொல்லிப் பழகிவிட்டவள். "அவர் தவறின வருஷம் பாதி வகுப்புல எனக்குக் குரல் உடைஞ்சுது. பசங்க எந்திரிச்சு நின்னாங்க. அதுவும் பாடந்தான்னு நான் நினைச்சேன். அது ஆடுதுன்னு எடுத்தாச்சு. முட்டி வலி எடுத்தாச்சு. ஒரு வருஷமா நான் அந்தத் திரையில என்னைத் தேடிட்டு இருக்கேன் நளா. நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படறே. அங்க முழுசா இருக்கறது யாரு?"

நளாயினி திரையை விட்டு விலகி வந்தாள். பேச்சை மாற்றுகிறவள் போல, பழைய ஆயுதத்தையே எடுத்தாள். "அந்தப் ‘பின்னால பார்க்கலாம்’ மட்டும் அப்படியே இருக்குது. அதுதான நீ. ஒரு கேள்விக்காச்சும் பதில் சொல்லியிருக்கியா?"

"எல்லாத்துக்கும் சொன்னேன்."

"எப்ப?"

"அடுத்த வகுப்புல. ராத்திரியெல்லாம் யோசிச்சு, அடுத்த வகுப்புல வந்து, நளாயினி மேடம் கேட்டாங்கல்ல, அதுக்குப் பதில் இதுன்னு பசங்களுக்குச் சொன்னேன். நீ வரல. கேமராவும் வரல. பார்வை வகுப்பு ஒரு நாள்தான."



"லைன் கேள்விக்கு என்ன சொன்ன?" என்றாள் நளாயினி. கேட்டபோது அவள் குரலில் முதல் முறையாகக் குத்தல் இல்லை.

"எல்லாத்தையும் தாங்கற மோட்டார் வந்துட்டா, கடைசிக் கம்பத்துக்காரன் ஆபீசுக்குப் போய்ப் புகார் குடுக்க மாட்டான். புகார் வரலைன்னா லைன் நல்லா இருக்குதுன்னு எழுதிப்பாங்க. அப்பறம் அந்த லைனை ஒருத்தரும் தொட மாட்டாங்க. அதனால தாங்கற மோட்டார் செய்யறவன், இது எதைத் தாங்குதுன்னு வெளிய தெரியற மாதிரி ஒரு விளக்காச்சும் வைக்கணும். இதுதான் சொன்னேன். ஒரு பையன் அந்த விளக்கைச் செஞ்சும் காட்டினான்."

நளாயினிக்கு ஓடாத மின்விசிறி நினைவுக்கு வந்தது. சங்கவி மேசைக்கு முன்னால் வந்து நின்றதும். தன்னிடம் இருந்த பதில் இந்த அளவுக்குப் போகாது. அதை ஒப்புக்கொள்வது, வருடக்கணக்காகப் பல்லில் சிக்கியிருந்த எதையோ எடுப்பது போல வலித்தது.

"இதையும் சேர்த்துரலாமேப்பா," என்றாள் மகிழ்நனிடம்.

"பதிவு இல்லைங்க மேடம். இப்பப் பேசச் சொல்லிச் சேர்த்தாலும் நிக்காது. இந்த மாதிரி பதில் சொன்னா வகுப்பு ரெண்டாப் பிரியுது, கேள்வி மேல கேள்வி வருது, மார்க்கு ஆடுது. எல்லா ஓட்டத்துலயும் ஆடாம நின்ன பதில் அந்த ஒண்ணுதான். பின்னால பார்க்கலாம்." அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "எனக்கும் பிடிக்கலைங்க. ஆனா ஒருத்தரும் தோற்கலை. கடைசிக் கம்பத்துல இருக்கற காலேஜ்களுக்கு இது பெரிய விஷயம். அங்க இதுக்கு முன்னாடி இந்தப் பாடத்துக்கு ஆளே இல்லை."

அதுவும் உண்மைதான். மூவருக்கும் தெரிந்த உண்மை.

"சரி, விஷயத்துக்கு வா," என்றாள் சாந்தாமணி. "நான் சரின்னா?"

"பூட்டிருவோம். பத்து வருஷம் யாரும் தொட முடியாது."

"வேண்டாம்னா?"

"அழிச்சிருவோங்க. உங்க உருவம், உங்க சம்மதம் இல்லாம வெச்சுக்க முடியாது. வேற ஊர்ல இருந்து ரெண்டாவது ஆளை எடுத்து மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷம் பழையபடி நீங்க ரெண்டு பேரும் வகுப்பு எடுக்கலாம்."

மத்தியானத்திலிருந்து நளாயினி கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். ஒரு வருடம். சாக்பீஸ். அந்தப் பெண் சங்கவி. அவள் சாந்தாமணியின் பக்கம் திரும்பினாள், சொல்லு என்று சொல்வதற்காக. பிறகு, ஏதோ நினைத்தவளாக, திரையைக் காட்டினாள்.

"அப்ப அது?"

"எதுங்க?"

"பின்னால உட்கார்ந்திருக்கறவ."

"உங்க நிழலுங்களா? அது மேடத்தோட நிழலைச் சோதிக்கறதுக்காகச் செஞ்சதுங்க. வருஷா வருஷம் ஓட்டிப் பார்ப்போம், இது இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கும். இது போச்சுன்னா..." மகிழ்நன் தோளைக் குலுக்கினான். "வேற ஆளுக்கு அது பொருந்தாதுங்க. சாந்தாமணி மேடத்தைப் பார்த்தாத்தான் அதுக்குப் பேச்சே வருது."

திரையில் நளாயினி மறுபடி பேனாவைத் தட்ட ஆரம்பித்திருந்தாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டாள். முன்னால் நிற்கிறவளை, ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

லேபில் நின்றிருந்த நளாயினியும் கண்ணை எடுக்கவில்லை. அவள் கை தானாக மேலே போய், தலைமேல் இருந்த கண்ணாடியைத் தொட்டது.

சாந்தாமணி இரண்டு டப்பாக்களையும் மூடி, நளாயினியுடையதை அவள் பக்கம் நகர்த்தினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தோழியின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லு நளா. வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"